வானிலை வாசித்த மருதையனும் ஒரு நேயரும்

மருதையனின் குரல் முதன்முதலாக ரேடியோவில் வந்த அன்று நாங்கள் சாரங்கபாணி பண்ணையில் நடவு நட்டுக்கொண்டிருந்தோம். ஊராட்சி ரேடியோவுக்குக் குழாய் ஒலிபெருக்கி கட்டியிருந்த காலம் அது. காற்று இந்தப் பக்கம் அடித்தால் வயல் வரைக்கும் கேட்கும். "அன்பார்ந்த நேயர்களே, வானிலை அறிக்கை. வாசிப்பது மருதையன்" என்றது குழாய். காத்தாயி அண்ணி கையிலிருந்த நாற்றுமுடி சேற்றில் விழுந்தது.

"என் தம்பிடி அது" என்றாள்.

"உன் தம்பி எப்படி அண்ணி அதுக்குள்ள போனாரு?" என்று கேட்டேன். வேறு என்ன கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. நடவுக்காரிகள் அத்தனை பேரும் முதுகை நிமிர்த்திக்கொண்டு நின்றோம். வரப்பில் நின்ற காரியக்காரர் துரைராசு, ஆளுக்கொரு அதட்டல் போட வாயைத் திறந்தவர், அவரும் அப்படியே கேட்டுக்கொண்டு நின்றுவிட்டார்.

காத்தாயி என் அண்ணன் ரெத்தினத்தின் பெண்சாதி. பாபநாசத்துப் பக்கம் பண்ணையாள் அரசப்பனுடைய மூத்த மகள். அவள் தாய் தங்கம்மாள், மருதையனைப் பெற்றுப் போட்ட கையோடு சன்னி கண்டு செத்துப்போனாள். அண்ணி அப்போது பாவாடை கட்டிய பெண். தம்பியை இடுப்பில் வைத்துக்கொண்டே களை பறித்தாள், சாணி அள்ளினாள், கஞ்சி காய்ச்சினாள். எங்கள் தாழையூருக்கு வாழ்க்கைப்பட்டு வரும்போது அந்தப் பையனையும் கூடவே கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். "பொண்ணுக்குச் சீரா ஒரு புள்ளையக் குடுத்து அனுப்பிருக்கான்டா அரசப்பன்" என்று கல்யாணத்தில் கேலி பேசினார்கள். திருத்துறைப்பூண்டிக்குக் கிழக்கே எங்கள் ஊர். மேற்கே இருந்து வரும் தண்ணீருக்குக் கடைமடை, கிழக்கே இருந்து வரும் உப்புக்காற்றுக்குத் தலைமடை.

மருதையனுக்கு வாய்தான் முதல். கழகம் ஆட்சிக்கு வந்த சமயம், ஊருக்கு ஊர் கூட்டம் நடக்கும். பையன் ஒரு கூட்டம் விடமாட்டான். மேடையில் பேசினவர்கள் பேச்சை வந்து அண்ணி முன்னால் அப்படியே பேசிக்காட்டுவான். பிறகு பாபநாசத்தில் நெய்னா முகம்மதுவின் மைக் செட்டுக் கடையில் சேர்ந்து, கல்யாண வீட்டிலும் கட்சி மேடையிலும் அறிவிப்புச் சொன்னான். அந்தக் காசில் கும்பகோணத்தில் பி.ஏ. படித்து முடித்தான். ரேடியோவில் ஆள் எடுக்கிறார்கள் என்று நெய்னா முகம்மதுதான் பஸ் ஏற்றி அனுப்பினாராம். வேலை கிடைத்ததை மருதையன் யாருக்கும் சொல்லவில்லை. குரலே போய்ச் சொல்லட்டும் என்று இருந்துவிட்டான். அதற்குப் பிறகு அவர் 'அவர்' ஆகிவிட்டார். நானும் அப்படியே எழுதுகிறேன்.

பண்ணையார் சாரங்கபாணி வீட்டுக் கூடத்தில் பெரிய ரேடியோ ஒன்று உண்டு. "நம்ம ரெத்தினம் மச்சானா? அவனா வாசிக்கிறான்?" என்று நாலு தரம் கேட்டாராம். அடுத்த நாளிலிருந்து வானிலை அறிக்கை நேரத்தில் தன் ரேடியோவை நிறுத்திவிடுவார். ஆனால் மழை வருமா வராதா என்று தெரியாமல் அறுப்புக்கு ஆள் விட முடியாதே. துரைராசுவை ஊராட்சி ரேடியோவுக்குக் கீழே நிற்கவைத்துக் கேட்டுவரச் சொன்னார். எங்கள் தெரு ஆண்கள் அவரைச் சும்மா விடுவார்களா.

"என்ன காரியக்காரரே, எங்க மச்சான் என்ன உத்தரவு போட்டாரு?"

"ஓரிரு இடங்களில் மழையாம்."

"அந்த ஓரிரு இடத்துல உங்க ஐயா வயலும் உண்டான்னு கேட்டு வெச்சுக்கலாமில்ல?"

மருதையன் ஊருக்கு வரும்போது அவருக்கும் இதே கேலிதான். 'ஓரிரு இடம் வருது' என்பார்கள். அவரும் சிரிப்பார். கைக்கு அடக்கமான ஒரு டிரான்சிஸ்டர் வாங்கிவந்து அக்காள் கையில் கொடுத்தார். அன்றிலிருந்து அண்ணி அதை வரப்பு மரத்தில் கட்டித் தொங்கவிட்டுத்தான் வேலை செய்வாள். "அன்பார்ந்த நேயர்களே" என்று அது சொன்னால், "சொல்லுடா" என்பாள். "வணக்கம்" என்று முடித்தால், "போய்ச் சாப்பிடுடா" என்பாள். குரல் கொஞ்சம் கம்மினால் அன்றைக்கு முழுக்க அவளுக்கு வேலை ஓடாது. "சளி புடிச்சிருக்கு அவனுக்கு. அங்க சுக்குத்தண்ணி வெச்சுக் குடுக்க யாரு இருக்கா?"

"நேயர்னா யாரு அண்ணி?" என்று ஒரு நாள் கேட்டேன்.

"கேக்கறவுங்கதான். நீ, நானு, எல்லாரும்."

"அப்ப உன்னையும்தான் கூப்புடுறாரா?"

"என்னைத்தான் முதல்ல கூப்புடுறான்" என்றாள்.

அந்த வருஷங்கள் நிம்மதியான வருஷங்கள் இல்லை. கூலி நெல் கூடக் கேட்டுச் செங்கொடி கட்டியிருந்தோம். அறுப்புக்கு வெளியாள் இறக்குவேன் என்பார் சாரங்கபாணி. இறக்கிப் பார் என்பார் என் அண்ணன். குடியிருக்கிற மனை குடியிருக்கிறவனுக்கே சொந்தம் என்று கழக ஆட்சியில் சட்டம் வந்திருந்தது. ஆனால் எங்கள் குடிசைகள் நின்றது பண்ணையின் மனைக்கட்டில். சட்டம் மெட்ராசில் இருந்தது, சாரங்கபாணி எதிரிலேயே இருந்தார். தெருக்கோடியில் ஒரு குடும்பம் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து பார்த்தால் குடிசை இல்லை. சுவர் இருந்த இடத்தில் வாழைக்கன்று நட்டிருந்தது. தண்ணீர்கூட ஊற்றியிருந்தார்கள். அந்தப் பெண் கையில் தாம்பூலப் பையோடு வாழைக்கன்றையே பார்த்துக்கொண்டு நின்றது இப்போதும் என் கண்ணில் நிற்கிறது. அதற்குப் பிறகு எங்கள் தெருவில் எந்த வீட்டையும் ஆளில்லாமல் விடுவது கிடையாது. பிரசவத்துக்குப் போனாலும் ஒருத்தர் காவல் இருப்போம்.

எழுபத்தேழாம் வருஷம் ஐப்பசி. தேர்தல் முடிந்து சில மாதங்கள்தான். வங்கக்கடலில் புயல் சின்னம் என்று மருதையன் வாசித்தார். டீக்கடையில் ஒரு கிழவர், "புயல் சின்னம் எந்தக் கட்சிக்குக் குடுத்திருக்காங்க?" என்று கேட்டார். அவர் வேடிக்கைக்குக் கேட்கவில்லை. உதயசூரியன், இரட்டை இலை, கதிர் அரிவாள் என்று சின்னம் பார்த்தே ஓட்டுப் போட்ட மனுஷர். கடையே சிரித்தது. எங்கள் வீட்டுக்காரருக்குப் புரையேறிவிட்டது.

மறுநாள் பிற்பகல் வானம் மஞ்சள் பூத்துக் கிடந்தது. காற்றே இல்லை. என் அண்ணன் வாசலில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். அண்ணன் மகன் செல்லதுரை அவர் முதுகில் சாய்ந்து நின்றுகொண்டிருந்தான். டிரான்சிஸ்டரில் மருதையன் வந்தார். "நேயர்களே, ஒரு முக்கிய அறிவிப்பு. வங்கக்கடலில் நிலைகொண்டுள்ள புயல் மேற்கு நோக்கி நகர்ந்து, இன்று இரவு நாகப்பட்டினத்துக்கு அருகே கரையைக் கடக்கும் என எதிர்பார்க்கப்படுகிறது. மீனவர்கள் கடலுக்குள் செல்ல வேண்டாம் என எச்சரிக்கப்படுகிறார்கள்."

"சொல்லுடா" என்றாள் அண்ணி வழக்கம்போல. பிறகு அண்ணன் முகத்தைப் பார்த்தாள். "பள்ளிக்கூடத்துக்குப் போயிடலாமா?"

"எதுக்கு? உன் தம்பிதான் சொல்லிடுச்சே. கரையைக் கடந்துடும்னு."

"கடந்துடுமா?"

"கடந்துடும். கடந்து போயிடுச்சுன்னா அப்புறம் நமக்கு என்ன? மீன் புடிக்கிறவன்தான் கடலுக்குப் போகக்கூடாதாம். நாம என்னைக்குக் கடலுக்குப் போனோம்?" கயிற்றை இழுத்து முறுக்கினார். "எல்லாரும் எந்திரிச்சுப் போயிட்டா, நாளைக்கி வந்து பாக்கையில வாழக்கன்னு நிக்கும்."

எங்கள் பேச்சில் கடந்துவிட்டது என்றால் போய்விட்டது என்றுதான் அர்த்தம். கண்டம் கடந்துட்டான் என்போம். ஆடி கடந்தாச்சு என்போம். கரையைக் கடக்கும் என்றால் கடற்கரையோடு அது முடிந்தது, ஒரு ஓரமாக எங்கேயோ போய்விடும் என்று என் அண்ணனும் எடுத்துக்கொண்டார், தெருவே எடுத்துக்கொண்டது. எங்கள் வீட்டுக்காரர் மட்டும் ஆடு நனையும் என்று சொல்லி எங்களை ரோட்டோரம் மேட்டிலிருந்த அவர் தங்கை வீட்டுக்குக் கூட்டிப்போனார். ஆட்டுக்காகத்தான் போனோம்.

அது கடந்து போகவில்லை. உள்ளே வந்தது.

விடிந்து நான் திரும்பி வந்தபோது தெரு இருந்த இடத்தில் தண்ணீர் நின்றது. நான் வழி தவறி வேறு ஊருக்கு வந்துவிட்டேன் என்றே நினைத்தேன். சாரங்கபாணி வீட்டு மாடி தெரிந்ததால்தான் நம்மூர் என்று தெரிந்தது. அண்ணி ஒரு முறிந்த பனையை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தாள். விரலைப் பிரித்து எடுக்க மூன்று பேர் வேண்டியிருந்தது. என் அண்ணனை வாய்க்கால் மதகில் எடுத்தோம். செல்லதுரையை இரண்டு வயல் தள்ளி எடுத்தோம். அவன் கையில் அப்பன் திரித்த கயிறு சுற்றியிருந்தது. தெருவில் இன்னும் பல வீடுகளில் அப்படித்தான். எல்லாரையும் ஒரே குழியில் வைத்தோம். அழுகை வரவில்லை. யாருக்குமே வரவில்லை. ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றோம்.

தண்ணீர் வடிந்து ரோடு தெரிய ஆரம்பித்த பிறகு, ஒரு நடுப்பகலில் மருதையன் வந்தார். பாதி தூரம் லாரியில், பாதி தூரம் நடையில். கால்சட்டை இடுப்பு வரைக்கும் சேறு. அண்ணி பள்ளிக்கூட வாசலில் உட்கார்ந்திருந்தாள். "அக்கா" என்றார்.

"வாங்க" என்றாள் அண்ணி.

நான் திரும்பிப் பார்த்தேன், அவருக்குப் பின்னால் தாசில்தாரோ வேறு பெரிய மனுஷரோ வருகிறாரோ என்று. யாரும் இல்லை.

"உக்காருங்க" என்றாள்.

மருதையனும் திரும்பிப் பார்த்தார். பிறகுதான் அவருக்குப் புரிந்தது. முகம் வெளுத்துவிட்டது. "அக்கா, நான் சொன்னேனே அக்கா. மத்தியானமே படிச்சேனே, கரையைக் கடக்கும்னு."

"படிச்சீங்க. நாங்களும் கேட்டோம். கடந்துடும்னீங்க. கடந்து போயிடும்னு உக்காந்திருந்தோம்."

"கடக்கும்னா கடல விட்டுத் தாண்டி உள்ள வரும்னு அர்த்தம்க்கா."

அண்ணி அவரை நிமிர்ந்து பார்த்தாள். "அப்படியா" என்றாள். "உள்ள வரும்னா, உள்ள வருதுன்னு சொல்லியிருக்கலாமே."

"எழுதிக் குடுத்ததைத்தான் படிக்கணும்க்கா. என்கிட்ட ஏன்க்கா வாங்க போங்கன்னு பேசற?"

"நேயர்களேன்னுதான கூப்பிட்டீங்க. அக்கான்னா கூப்பிட்டீங்க? என் தம்பியா இருந்தா, அக்கா எந்திரிச்சு ஓடுன்னு சொல்லியிருப்பான். நீங்க நேயருக்குச் சொன்னீங்க. நான் நேயராவே இருந்துட்டுப் போறேன்."

திட்டியிருந்தால் அவர் தாங்கியிருப்பார். மண்ணை வாரித் தூற்றியிருந்தாலும் தாங்கியிருப்பார். அந்த 'ங்க' அவரைக் கொன்றுவிட்டது.

அவர் வேலைக்குத் திரும்பிப் போனது வாக்கியத்தை மாற்றத்தான். 'கரையைக் கடக்கும்' என்றால் எங்கள் ஜனங்களுக்கு வேறு அர்த்தம் போகிறது என்று மேலதிகாரியிடம் சொன்னாராம். "எல்லா நிலையத்துலயும் இதுதான் வாசகம். நீங்க வாசிப்பாளர், ஆசிரியர் இல்ல" என்று பதில் வந்ததாம். அடுத்து வந்த ஒரு புயலுக்கு மருதையன் தாளைப் பார்க்காமல், "புயல் கடலை விட்டு ஏறி ஊருக்குள்ளே வரப்போகிறது" என்று வாசித்துவிட்டார். அது எங்கள் பக்கம் வரவில்லை, வடக்கே போனது. வீணாக ஜனங்களைக் கிளப்பிவிட்டதாக விளக்கம் கேட்டார்கள். வானிலை வாசிப்பதிலிருந்து எடுத்துவிட்டு, சினிமாப் பாட்டுப் போடும் பகுதியில் உட்காரவைத்தார்கள். அந்தப் பகுதியின் பெயர் நேயர் விருப்பம். பல வருஷம் அந்தச் சொல்லைத் தினமும் தன் வாயால் சொன்னார். "அடுத்த பாட்டை விரும்பிக் கேட்ட நேயர்கள்" என்று ஊரும் பேருமாக வாசிக்கும்போது, தாழையூர் காத்தாயி என்று ஒரு பெயர் வராதா என்று இருக்குமாம். எங்கே வரும்? டிரான்சிஸ்டர் வெள்ளத்தோடு போனது. வேறு வாங்கி வந்ததை அண்ணி வாங்கி வைத்துக்கொண்டாள், திருகவில்லை. டீக்கடையில் ரேடியோ பாடினால் அந்தப் பக்கம் போகமாட்டாள்.

பொங்கலுக்குப் பொங்கல் சீர் கொண்டுவந்தார். அண்ணி சண்டை போடவில்லை. "வாங்க, பிரயாணம் எல்லாம் சௌகரியமா?" என்பாள். பாய் போடுவாள். நாங்கள் எல்லாம் தட்டில் சாப்பிட, அவருக்கு மட்டும் தலைவாழை இலை. அந்த இலையில் அவர் பாதிக்கு மேல் சாப்பிட்டதில்லை. ஒரு தரம் என்னிடம் சொன்னார்: "ஒரே ஒரு தடவை 'டா' போட்டுடுச்சுன்னா போதும். நான் நிம்மதியா செத்துப்போவேன்." அவர் கல்யாணத்துக்கு அண்ணி வந்தாள். அவருடைய மனைவி அம்சத்தை வாடி போடி என்று உரிமையோடு பேசினாள். மாப்பிள்ளையை மட்டும், "நல்லா இருங்க" என்றாள். மேளக்காரர்கூட ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார்.

ரேடியோ வேலையை விட்டுவிட்டு மருதையன் திருத்துறைப்பூண்டிக்கே வந்து சேர்ந்தார். கேபிள் டிவி வந்திருந்த காலம். லியாகத் அலி என்பவர் டயர்க் கடை மாடியில் உள்ளூர் கேபிள் நடத்திக்கொண்டிருந்தார். காது குத்து, பூப்புனித நீராட்டு வாழ்த்துகளுக்கு நடுவே வானிலை சொல்ல இடம் கொடுத்தார். "சம்பளம் பெரிசா வராது அண்ணே, ஆனா என்ன வேணா சொல்லுங்க, நான் கேக்க மாட்டேன்" என்றாராம். பேனர் எழுதுகிறவர் தட்டியில் கடற்கரை ஜில்லாக்களின் படம் வரைந்து கொடுத்தார். அட்டையில் வெட்டிய புயல் சுழி ஒன்றைக் குண்டூசியில் குத்தி நகர்த்துவார் மருதையன். மின்விசிறி ஓடினால் சுழி தானாகவே ராமநாதபுரத்துக்குப் போய்விடும் என்று விசிறியை நிறுத்திவிட்டு, வியர்க்க வியர்க்க நின்று பேசுவார். பாஷையே மாறிவிட்டது. "காயவெச்ச நெல்லை அள்ளிடுங்க. நாளைக்கி மழை உண்டு. உரம் போடாதீங்க, கரைஞ்சு வாய்க்காலுக்குப் போயிடும். கடல்ல ஒண்ணு கெடக்கு, அது இங்க உள்ள வர்ற மாதிரி இருக்கு. வந்தா சொல்றேன்." கடக்கும் என்ற வார்த்தையே அவர் வாயில் வராது. தப்பாகவும் சொல்வார். வராத மழைக்கு நெல்லை அள்ளவைத்துவிட்டு, மறுநாள் டீக்கடையில் ஏச்சு வாங்குவார். "யோவ் ஓரிரு இடம், வெயில்ல வேகுதுய்யா" என்பார்கள். "நனைஞ்சிருந்தா ஏசுறதுக்கு நெல்லே இருந்திருக்காதுல்ல" என்பார்.

எங்களுக்கு மனைப்பட்டா வந்தது. காலனி வீடு, கான்கிரீட் தளம் போட்டு அரசாங்கம் கட்டிக்கொடுத்தது. சாரங்கபாணி காலமாகி, அவர் பிள்ளைகள் நிலத்தை விற்றுவிட்டு வெளிநாடு போய்விட்டார்கள். பிறகு வீட்டுக்கு வீடு இலவச டிவியும் வந்தது. அண்ணி வீட்டுக்கும் வந்தது. நான் அவளோடு போய் இருந்துகொண்டேன், எங்கள் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்திருந்தார்.

ஒரு சாயங்காலம் நான் கடைக்குப் போய்விட்டுக் கதவைத் தள்ளினால், மருதையன் டிவியில் பேசிக்கொண்டிருக்கிறார். அண்ணி எதிரே சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கிறாள். ரேடியோ சத்தம் கேட்டாலே எழுந்து போகிறவள். அப்புறம்தான் கவனித்தேன், சத்தம் இல்லை. முழுக்கக் குறைத்து வைத்திருக்கிறாள். அவர் வாய் அசைகிறது, கை அசைகிறது, அவ்வளவுதான்.

"சத்தம் வெக்கலையா அண்ணி?"

"எதுக்கு? மொகம் தெரியுதுல்ல." பார்வையை எடுக்காமலே சொன்னாள், "முடி எல்லாம் கொட்டிப்போச்சு. அம்சம் எண்ணெ தேச்சு விடுறதில்ல போல."

"அவருகிட்ட சொல்லட்டுமா?"

"சொன்னீன்னா டிவிய வாய்க்கால்ல போட்டுடுவேன்."

நான் சொல்லிவிட்டேன். சொல்லாமல் எப்படி இருப்பது? மருதையன் டயர்க் கடைப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். "எத்தனை நாளா?" என்றார். "டிவி வந்ததிலேருந்து இருக்கும்" என்றேன். நெடுநேரம் தலையைத் தடவிக்கொண்டிருந்தார். அன்றிலிருந்து எண்ணெய் வைத்து, படிய வாரிக்கொண்டுதான் கேமரா முன்னால் நின்றார்.

மறுபடியும் ஐப்பசி. இப்போது எல்லாருக்கும் தெரிந்த பெரும்புயல், பேர் வைத்து வந்தது. பகலில் ஆட்டோவில் மைக் கட்டி வந்து பள்ளிக்கூடத்துக்குப் போகச் சொன்னார்கள். பாதித் தெரு போயிற்று. அண்ணி அசையவில்லை.

"குடிசையிலேருந்தே நான் எந்திரிக்கல. இது கான்கிரீட்டு. என் பேருல பட்டா. எங்க போகச் சொல்ற?"

"அண்ணி, எல்லாரும் போறாங்க."

"நீ போ. நான் என்னாத்துக்கு? எனக்குப் போறதுக்கு என்ன மிச்சம் இருக்கு?"

அவள் எழுந்தால் எழலாம் என்று அக்கம்பக்கத்துக் கிழவிகளும் உட்கார்ந்திருந்தார்கள். அவளை விட்டுவிட்டு நான் மட்டும் எப்படிப் போவேன்? பொழுது சாய்கிற நேரம். அந்த மஞ்சள் வெளிச்சம் மறுபடியும் வந்தது. காற்றே இல்லை. அண்ணி வழக்கம்போல டிவியைப் போட்டாள், சத்தம் இல்லாமல்.

மருதையன் வந்தார். படத்துப் பக்கம் போகவில்லை. சுழியைத் தொடவில்லை. கையில் இருந்த தாளைக் கீழே வைத்தார். கேமராவுக்கு நேராக வந்து நின்றார். முகம் பெரிதாகிவிட்டது. வாய் ஒரு தரம் திறந்து மூடியது. மறுபடி திறந்து மூடியது.

அண்ணி முன்னால் சாய்ந்தாள். "என்ன சொல்றான்?" என்றாள்.

சொல்றான். என் காதை என்னாலேயே நம்ப முடியவில்லை. அந்த 'ன்' அவள் வாயிலிருந்து விழுந்து நாற்பது வருஷத்துக்கு மேல் இருக்கும். அவளுக்கு அது விழுந்தது தெரிந்ததாகவே தெரியவில்லை.

"என்னையா கூப்புடுறான்? ஏய், அந்தச் சத்தத்த ஏத்து. எங்க அமுக்கணும் இதுல?" ரிமோட்டை அவளே பிடுங்கினாள். கண் தெரியாமல் எதை எதையோ அமுக்கினாள். பச்சைக் கோடு ஒன்று திரையில் ஏற ஆரம்பித்தது. அவ்வளவுதான், கரண்டு போய்விட்டது. புயலுக்கு முன்னாலேயே நிறுத்திவிட்டார்கள்.

கறுத்த திரையில் அவள் உருவம்தான் தெரிந்தது. கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு முழங்காலில் கையை ஊன்றி எழுந்தாள். "வாடி போவோம்" என்றாள். வாசலில் நின்று அக்கம்பக்கத்துக் கிழவிகளைப் பார்த்து, "என் தம்பி கூப்புடுறான், எந்திரிங்கடி" என்று ஒரு சத்தம் போட்டாள். குடை, செருப்பு எதுவும் எடுக்கவில்லை. பள்ளிக்கூடம் வரைக்கும் எனக்கு முன்னால் நடந்தாள்.

அந்த ராத்திரியைப் பற்றிச் சொல்ல எனக்குத் திராணி இல்லை. விடிந்ததும் போய்ப் பார்த்தோம். தெற்கே நின்ற தென்னை இரண்டும் சேர்ந்து வீட்டின் மேல் விழுந்திருந்தன. கான்கிரீட் தளம் உடைந்து, அண்ணி சம்மணம் போட்டு உட்காரும் இடத்தில் கிடந்தது. டிவி எங்கே என்று தெரியவில்லை. அண்ணி பார்த்தாள். நானும் பார்த்தேன்.

ரோடெல்லாம் மரம், கம்பி, கம்பம். மருதையன் எப்படி வந்தார் என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. மரம் அறுக்க வந்தவர்களோடு தொற்றிக்கொண்டு வந்திருக்கிறார். வேட்டி கிழிந்து, நெற்றியில் கீறல். பள்ளிக்கூட மைதானத்தில் கஞ்சி அண்டாவுக்குப் பக்கத்தில் அண்ணி நின்றாள். அவர் தூரத்திலேயே நின்றுவிட்டார். 'வாங்க' என்ற அந்த வார்த்தைக்குத் தன்னைத் தயார் பண்ணிக்கொள்கிறார் என்று தெரிந்தது. கைகூடக் கும்பிடுகிற மாதிரி பாதி எழுந்துவிட்டது.

அண்ணி அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அன்னைக்கி என்னமோ சொன்னியே" என்றாள். "நான் சத்தத்த ஏத்துறதுக்குள்ள கரண்டு போயிடுச்சு. என்னடா சொன்னே?"

மருதையன் அவள் முகத்தையே பார்த்தார். எத்தனை ஊருக்கு வானிலை சொன்ன மனுஷர். பாதி எழுந்த கையைக் கீழே விட்டார்.

"அக்கான்னேன்" என்றார். "அக்கா, உள்ள வருது, எந்திரிச்சு ஓடுன்னேன்."

"அதான் வந்துட்டேன்ல" என்றாள் அண்ணி. கஞ்சியை ஒரு தட்டில் ஊற்றி அவர் கையில் கொடுத்தாள். "குடி. தலையில என்னடா ரத்தம்?"